ராஜபிரமுகர், ஓட்டல் முதலாளி, தூதர்: ஜெய்ப்பூரின் இரண்டாம் சவாய் மான் சிங் பற்றி ஒரு விவாதம்

1. ஏட்டுச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆட்சி கைவிட்டுப் போனபின் அரச குடும்பத்தினர் என்ன செய்தார்கள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் நமக்குக் கிடைப்பவை நகைகள், வேட்டைகள், கார்கள் பற்றிய கதைகள்தான். அவர்கள் எந்த வேலையைச் செய்தார்கள், அதில் எவ்வளவு தேறினார்கள் என்பதைப் பேசுவோர் குறைவு. அதனால்தான் ஜெய்ப்பூரின் கடைசி ஆளும் மன்னரான இரண்டாம் சவாய் மான் சிங்கின் பிற்பகுதி வாழ்க்கையை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

அவர் நேரடி வாரிசாகப் பிறந்தவர் அல்லர். இசர்தா என்ற சிற்றூரின் தாக்கூர் (நிலக்கிழார்) குடும்பத்தில் பிறந்து, மகாராஜா மாதோ சிங்குக்குத் தத்துப்பிள்ளையாகி, 1922இல் சிறுவனாகவே அரியணை ஏறினார். 1931இல்தான் முழு அதிகாரம் கைக்கு வந்தது. 1949 மார்ச் 30 அன்று ராஜஸ்தான் ஒன்றியம் ஜெய்ப்பூர் நகர அரண்மனையில் தொடங்கி வைக்கப்பட்டபோது அவர் அதன் ராஜபிரமுகர், அதாவது ஆளுநருக்கு இணையான தலைவர், ஆனார். தொடக்கி வைக்க வந்த சர்தார் படேலின் விமானம் அதற்கு முந்தைய நாள் வழியில் பழுதாகித் திறந்தவெளியில் இறங்க நேர்ந்தது என்பதும், வரவேற்கக் காத்திருந்தவர்கள் பல மணி நேரம் செய்தியின்றித் தவித்தார்கள் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

ராஜபிரமுகர் பதவி வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் என்ற உறுதியோடுதான் அவருக்குத் தரப்பட்டது. ஆனால் மாநில மறுசீரமைப்போடு வந்த ஏழாவது அரசியல் சட்டத் திருத்தம், 1956 அக்டோபர் முடிவில் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டது. மறு ஆண்டே, அதாவது 1957இல், தாம் குடியிருந்த ராம்பாக் அரண்மனையை ஓட்டலாக மாற்றினார். 1962இல் மாநிலங்களவைக்குச் சென்றார். 1965இல் ஸ்பெயினுக்கான இந்தியத் தூதராக நியமிக்கப்பட்டார். 1970 ஜூன் 24 அன்று இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் போலோ களத்தில் சரிந்து விழுந்து இறந்தார்.

மாட்ரிட் தூதர் பதவியைவிட ராம்பாக் ஓட்டல்தான் அவர் வாழ்க்கையின் பெரிய முடிவு என்பது என் எண்ணம். அந்தத் தூதர் பதவியிலும் அவர் பயன்படுத்தியது ஓட்டலை நடத்தத் தேவைப்பட்ட அதே திறமையைத்தான் என்றும் நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டும்.

2. வடக்குவாசல்

ஏட்டுச்சுவடி அவர்களுக்கு, நீங்கள் தந்த ஆண்டுகள் சரி. ஆனால் 1962க்கும் 1965க்கும் இடையிலிருந்த அரசியலைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

ராஜாஜி 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். மான் சிங்கின் மனைவி காயத்ரி தேவி அதில் சேர்ந்து, 1962 பொதுத் தேர்தலில் ஜெய்ப்பூர் மக்களவைத் தொகுதியில் பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 வாக்குகள் பெற்றார். உலகச் சாதனைப் பட்டியலில் இடம்பெற்ற வெற்றி அது. தில்லியில் ஆளும் கட்சிக்கு ராஜஸ்தானில் இதைவிடப் பெரிய தலைவலி வேறு இருந்திருக்க முடியாது. லால் பகதூர் சாஸ்திரி 1965இல் காயத்ரி தேவியைக் காங்கிரசுக்கு அழைத்தார். அவர் மறுத்தார். அதே ஆண்டில் கணவருக்குத் தூதர் பதவி வருகிறது. ஒருவரை ஊரைவிட்டு மரியாதையாக அனுப்பிவைப்பதற்குத் தூதர் பதவியைவிட நல்ல வழி அரசாங்கங்களுக்கு எப்போதும் கிடைத்ததில்லை. எனவே நீங்கள் திறமை என்று சொல்வதை நான் ஓர் அரசியல் ஏற்பாடு என்றுதான் படிக்கிறேன்.

காயத்ரி தேவி அதற்குப் பிறகும் கட்சி மாறவில்லை. 1967இலும் 1971இலும் சுதந்திரா கட்சியின் சார்பிலேயே வென்றார். கணவர் அரசின் பிரதிநிதியாக அயல்நாட்டில் இருக்க, மனைவி அதே அரசை எதிர்த்து மக்களவையில் அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். அவ்விருவர் மீதும் எனக்குள்ள மதிப்பு இந்த இடத்தில்தான் கூடுகிறது.

3. பழையகணக்கு

நான் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே அரசியலை வடக்குவாசல் அவர்களிடம் விட்டுவிட்டு வரவு செலவைப் பற்றி எழுதுகிறேன்.

ஆட்சியை ஒப்படைத்த மன்னர்களுக்கு அரசு ஆண்டுதோறும் தந்த தொகைதான் மன்னர் மானியம். ஜெய்ப்பூருக்கு நிர்ணயிக்கப்பட்டது ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய். அரசியல் சட்டத்தின் 291ஆவது பிரிவின்படி அதற்கு வருமான வரி கிடையாது. அந்தக் காலத்தில் இது மாபெரும் தொகை என்பதில் ஐயமில்லை. ஆனால் இதில் இரண்டு கண்ணிகள் இருந்தன. தொகை நிலையானது, விலைவாசி ஏறினாலும் ஏறாது. இரண்டாவதாக, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மானியங்கள் அப்போதைய மன்னரின் ஆயுட்காலத்துக்கு மட்டுமே உறுதியளிக்கப்பட்டவை. அதாவது 18 லட்சம் மகனுக்குப் போகாது என்பது தந்தைக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

இதற்கு மேல் 1953இல் எஸ்டேட் வரிச் சட்டம் வந்தது. ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீது விதிக்கப்படும் வரி அது. பிற்காலத்தில் அதன் உச்ச விகிதம் 85 விழுக்காடு வரை சென்றது. 1957இல் சொத்து வரிச் சட்டம் வந்தது. ஆண்டைக் கவனியுங்கள், ராம்பாக் ஓட்டலான அதே ஆண்டு! அந்தச் சட்டம், ஒரு மன்னர் தம் அதிகாரபூர்வ இல்லமாகக் குடியிருக்கும் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் விலக்கு அளித்தது. நான்கு அரண்மனை வைத்திருப்பவருக்கு மற்ற மூன்றும் ஆண்டுதோறும் வரி கேட்கும் சொத்துகள். வேலையாட்களின் சம்பளம், தோட்டம், மராமத்து ஆகியவை தனி.

வரிதான் ஓட்டலுக்குக் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஒரே ஆண்டில் நிகழ்ந்ததனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஆனால் ஒரு தணிக்கையாளனிடம் 1957இல் அவர் ஆலோசனை கேட்டிருந்தால், அவன் சொல்லியிருக்கக்கூடிய பதிலும் இதுவாகத்தான் இருந்திருக்கும். செலவு மட்டுமே வைக்கும் கட்டடத்தை வரவு தரும் கட்டடமாக மாற்றுங்கள், இல்லையேல் விற்றுவிடுங்கள் என்பான். பல சமஸ்தானங்களில் விற்றார்கள். பல இடங்களில் விற்கவும் மனமின்றி, பராமரிக்கவும் வழியின்றிக் கூரை இடிந்து விழும் வரை பூட்டி வைத்தார்கள்.

4. நீலமலர்

பழையகணக்கு ஐயா சொன்ன மராமத்து என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே வருகிறேன். ராஜஸ்தானில் ஓர் அரண்மனை ஓட்டலில், அறைப் பராமரிப்புப் பிரிவில், மூன்று ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். எந்த ஓட்டல் என்பது இங்கே தேவையில்லை.

மே மாதத்தில் மாலை நேரங்களில் அங்கே ஆந்தி என்ற புழுதிப் புயல் அடிக்கும். கால் மணி நேரம்தான். அது ஓய்ந்தபின் சலவைக்கல் ஜாலிச் சாளரத்தின் ஒவ்வொரு துளையிலும் மஞ்சள் புழுதி நிறைந்திருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினால் கறை கல்லுக்குள் இறங்கிவிடும் என்பதால், மெல்லிய குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு துளையாகத் துடைக்க வேண்டும். ஒரு சாளரத்துக்கு ஓர் ஆள், ஒரு முழு முற்பகல். சுவர்களோ அராயிஷ் என்னும் சுண்ணாம்புப் பூச்சு. அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கிய பூச்சு அது. அதில் ஓர் ஆணி அடித்தாலே அந்தப் பரப்பு முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள். விருந்தினர் ஒருவரும் இல்லாத மாதத்திலும் இந்தச் செலவு நிற்காது.

ராம்பாக் 1835இல் ஒரு செவிலித்தாய்க்காகக் கட்டப்பட்ட தோட்ட வீடாகத் தொடங்கி, வேட்டை மாளிகையாகி, பிறகு அரண்மனையாக விரிந்தது. காயத்ரி தேவிக்கு அது வெறும் கட்டடம் அன்று, 1940இல் மணமகளாக வந்து இறங்கிய வீடு. அதை ஓட்டலாக்கும் முடிவு தமக்குத் துயரம் தந்ததை அவரே தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். நான் குடியிருந்த வீட்டின் கூடத்தில் முகம் தெரியாத ஒருவர் பெட்டியோடு வந்து அமர்ந்து சாவி கேட்டால் எனக்கு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த மனத்தடையைத் தாண்டியதைத்தான் நான் மான் சிங்கின் சாதனையாகக் கருதுகிறேன். அரண்மனையை ஓட்டலாக்கும் வழக்கம் அன்றைய இந்தியாவில் அரிது. உதயப்பூரில் பகவத் சிங், பிச்சோலா ஏரிக்கு நடுவே இருந்த ஜக் நிவாஸ் அரண்மனையை ஓட்டலாகத் திறந்தது 1963இல்தான். நம் அரசாங்கம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது 1966இல். அயல்நாட்டுச் செலாவணிக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த ஆண்டு 1957. அந்த ஆண்டிலேயே டாலரோடும் பவுண்டோடும் வரும் பயணிகளுக்கு ஒரு மன்னர் தம் வீட்டைத் திறந்தார்.

5. ஏர்முனை

இந்த இழை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருப்பதால் மறுபக்கத்தை எழுத வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன். யார் மனத்தையும் புண்படுத்துவது என் நோக்கம் அன்று.

ராம்பாக்கைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? ஜெய்ப்பூர்ச் சமஸ்தானத்தின் உழவர்கள் செலுத்திய நிலவரியிலிருந்து. இணைப்புக்குப் பிறகு எது அரசுச் சொத்து, எது மன்னரின் தனிச்சொத்து என்று பிரித்தபோது, அந்த உழவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மக்களின் உழைப்பில் எழுந்த மாளிகை ஒருவரின் தனிச்சொத்தாகி, அதிலிருந்து வரும் வருமானம் தொழில்முனைவு என்று போற்றப்படும்போது எனக்கு நெருடுகிறது. கையில் அரண்மனையும் ஆண்டுக்கு 18 லட்சமும் இருப்பவர் ஓட்டல் தொடங்குவதில் என்ன துணிவு வேண்டியிருக்கிறது? 1957இல் ஒரு சாதாரண மனிதர் பத்து அறைகளோடு விடுதி தொடங்க வங்கியில் கடன் கேட்டு நின்றதுதான் துணிவு.

தூதர் பதவி பற்றியும் ஒன்று. முறையான தேர்வெழுதி, இருபது முப்பது ஆண்டுகள் பணியாற்றி மேலே வரும் அயலுறவுப் பணி அதிகாரிகள் இருக்க, போலோ மைதானத்துப் பழக்கங்களைத் தகுதியாகக் கொண்டு ஒருவரை நாட்டின் பிரதிநிதியாக்குவது குடியரசுக்கு ஏற்றதா?

6. ஏட்டுச்சுவடி

ஏர்முனை அவர்களின் முதற்பகுதியை நான் மறுக்கவில்லை. தனிச்சொத்துப் பிரிவினை மன்னர்களும் சமஸ்தான அமைச்சகமும் மேசையில் அமர்ந்து பேசி முடித்த கணக்கு. அதில் குடிமக்களுக்கு இடமே இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் ஓட்டலை மட்டும் புகழ்ந்தது என் முதல் பதிவின் குறைதான். ஆனால் துணிவு பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. நூற்றுக்கணக்கான முன்னாள் மன்னர்களிடம் அரண்மனையும் மானியமும் இருந்தன. 1957இல் அதைச் செய்தவர்கள் எத்தனை பேர்? மானியம் ஒழிக்கப்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அது நிலைக்காது என்பதைப் போல அவர் நடந்துகொண்டார்.

தூதர் பதவி பற்றிய உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இது மான் சிங் ஒருவரின் கதை அன்று. பாட்டியாலாவின் யாதவீந்திர சிங் பெப்சுவின் (பாட்டியாலா, கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்களின் ஒன்றியம்) ராஜபிரமுகராக இருந்தவர். அவரும் அதே 1965இல் இத்தாலிக்குத் தூதராக அனுப்பப்பட்டு, பின்னர் நெதர்லாந்துக்குச் சென்று, 1974இல் தி ஹேக் நகரிலேயே பதவியில் இருந்தபடி காலமானார். மைசூரின் ஜெயசாமராஜ உடையார் ஆளுநரானார். நம் சென்னை மாநிலத்துக்கும் 1964 முதல் 1966 வரை அவரே ஆளுநர். நவநகரின் திக்விஜய் சிங், சௌராஷ்டிரத்தின் ராஜபிரமுகராக இருந்தவர், ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியக் குழுவில் பணியாற்றினார். போர்க்காலத்தில் போலந்து நாட்டு அகதிக் குழந்தைகளுக்குத் தம் மண்ணில் புகலிடம் தந்ததற்காக இன்றும் வார்சாவில் அவர் பெயர் நினைவுகூரப்படுகிறது. ஆக, ராஜபிரமுகர் பதவியை ஒழித்த அரசே, அதில் இருந்தவர்களுக்கு வேறு மரியாதையான பணிகளைத் தேடிக் கொடுத்தது என்று படிக்க இடமிருக்கிறது. வடக்குவாசல் சொன்ன அரசியல் காரணம் ஜெய்ப்பூருக்குப் பொருந்தலாம். எல்லாருக்கும் பொருந்தாது.

மாட்ரிட்டைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு பொருத்தம் இருந்தது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயின் 1947 முதல் சட்டப்படி முடியரசு. ஆனால் அரியணையில் எவரும் இல்லை. ஹுவான் கார்லோஸ் வாரிசாக அறிவிக்கப்பட்டதே 1969இல்தான். உயர்குடியினரின் வீட்டு விருந்துகளிலும் குதிரைக் களங்களிலும் பாதி அரசியல் நடந்த அந்தத் தலைநகரில், 1933இல் தம் ஜெய்ப்பூர் அணியோடு இங்கிலாந்து சென்று கலந்துகொண்ட போலோ போட்டிகளையெல்லாம் வென்று திரும்பிய ஒருவர் எந்தக் கதவையும் தட்ட வேண்டியிருந்திருக்காது. தேர்வெழுதி வந்த அதிகாரி கோப்புகளைத் தயாரிப்பார். அந்தக் கோப்புகளைப் படிக்க எதிர்த்தரப்பு அமைச்சரை உட்கார வைப்பதும் ஒரு வேலைதானே!

7. நீலமலர்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 1961 ஜனவரியில் இரண்டாம் எலிசபெத் அரசியும் இளவரசர் பிலிப்பும் ஜெய்ப்பூர் வந்தார்கள். 1962 மார்ச்சில் அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி வந்து மான் சிங், காயத்ரி தேவி தம்பதியின் விருந்தினராகத் தங்கினார். அவர் வந்தது காயத்ரி தேவி ஆளும் கட்சியைத் தோற்கடித்த சில வாரங்களில் என்பதை நினைத்தால், அந்த வருகை தில்லியில் எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கப்பட்டிருக்கும் என்பது விளங்கும். இவை நடந்தபோது மான் சிங் தூதர் அல்லர். விருந்தினரை எங்கே உட்கார வைப்பது, யாரை யாரோடு பேச விடுவது, எப்போது தனியே விடுவது என்பவை ஓட்டல் பணியாளர்களுக்கு நாங்கள் ஆண்டுக்கணக்கில் கற்றுத்தரும் பாடங்கள். அவருக்கு அவை வளர்ப்பிலேயே வந்தவை.

ஏர்முனை அவர்களே, நீங்கள் எழுதிய சாதாரண மனிதரின் பத்து அறை விடுதி என் தந்தையை நினைவூட்டியது. அந்தத் துணிவைப் பற்றித் தனி இழை வேண்டும்.

8. ஏர்முனை

கோப்பு பற்றிய பதில் நியாயமானது, ஏற்கிறேன். சொத்து பற்றிய என் கருத்து மாறவில்லை. ஒரு கேள்வி: இதெல்லாம் ஒரு மனிதரோடு முடிந்துவிட்டதா, அல்லது அடுத்த தலைமுறையும் இதே வழியில் சென்றதா?

9. வடக்குவாசல்

சென்றது. ஜோத்பூரின் கஜ் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தை ஹன்வந்த் சிங் 1952இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு நான்கு வயது. இங்கிலாந்தில் படித்துத் திரும்பி, உமைத் பவன் அரண்மனையின் ஒரு பகுதியை ஓட்டலாக்கினார். 1978இல் டிரினிடாட் டொபேகோவுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். மான் சிங்கின் வாழ்க்கைப் பாதையை அப்படியே ஒற்றியெடுத்ததுபோல இருக்கிறது.

மான் சிங்கின் மூத்த மகன் பவானி சிங்கும் 1990களில் புருனேக்கு இந்தியத் தூதராக இருந்தார். சுல்தான் நேரடியாக ஆளும் எண்ணெய் வள நாட்டுக்கு ஒரு முன்னாள் மன்னரை அனுப்பியதில் தில்லி நன்றாகவே யோசித்திருக்கிறது. ஆனால் தேர்தல் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1989இல் காங்கிரஸ் வேட்பாளராக ஜெய்ப்பூரில் நின்று, பாரதிய ஜனதாவின் கிர்தாரி லால் பார்கவாவிடம் தோற்றார். சிற்றன்னை சாதனை வாக்குகளில் வென்ற அதே தொகுதி.

10. பழையகணக்கு

அடுத்த தலைமுறையைப் பற்றிப் பேசும்போது சொத்து வழக்குகளையும் குறிப்பிட்டாக வேண்டும். ஓட்டல் கம்பெனிகளின் பங்குகள் யாருக்கு எத்தனை என்பது பற்றி அந்தக் குடும்பத்துக்குள் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. அரண்மனையாக இருந்தால் அது மூத்த மகனுக்குப் போகும் என்பது பழைய வழக்கம். கம்பெனியாக மாறியபின் பங்குகளை எண்ணிப் பிரிக்க வேண்டும். தந்தை செய்த நல்ல வணிக முடிவுக்கே இப்படி ஒரு பின்விளைவும் இருந்தது. 1959இல் அவர் நகர அரண்மனையில் அருங்காட்சியகம் அமைத்தார். சுவடிகளும் துணிகளும் ஆயுதங்களும் அப்படி ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் வந்ததால்தான் இன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

11. ஏட்டுச்சுவடி

நன்றி ஐயா. பவானி சிங் பற்றி ஒன்றைச் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

தந்தை 1970 ஜூனில் இறந்தார். செப்டம்பர் 5 அன்று மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மாநிலங்களவையில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மைக்கு ஒரு வாக்குக்கும் குறைவான பின்னமே குறைந்து தோற்றது. மறுநாளே குடியரசுத் தலைவரின் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. மான் சிங் இவற்றில் எதையும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு, 1971 டிசம்பரின் முதல் வாரத்தில், இந்திய-பாகிஸ்தான் போரின்போது, லெப்டினன்ட் கர்னல் பவானி சிங் தம் பாராசூட் கமாண்டோ படையோடு பாகிஸ்தானின் சிந்துப் பாலைவனத்துக்குள் ஊடுருவிச் சாச்ரோவைத் தாக்கினார். அதற்காக அவருக்கு மகா வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அதே டிசம்பர் 28 அன்று 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, அவருடைய மகாராஜா பட்டமும் மானியமும் போயின. ஓராண்டு கழிவதற்குள், 1972இல், ராம்பாக்கை நடத்தும் பொறுப்பு தாஜ் குழுமத்திடம் சென்றது. அப்போது அந்த ஓட்டலுக்குப் பதினைந்து வயது.